சிபிலிஸ் மேசையில் ஒரு வருசம்

இரத்தப் பரிசோதனை வேலை என்பது முகம் தெரியாத ஆட்களின் இரகசியங்களை நாள் முழுக்கக் கையில் எடுப்பதும், முகம் தெரிந்த ஆட்களுக்கு முன்னால் ஒன்றும் தெரியாதவன் போல நிற்பதும்தான். பெற்றோல் ஷெட்டிலோ கவுன்சில் கவுண்டரிலோ பார்மசியிலோ நின்று, கேட்கக்கூடாததைக் கேட்கிற சனத்துக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லிப் பழகிய உங்களுக்கு இது புதிதாக இருக்காது. நீங்களும் நானும் ஒரே வருத்தக்காரர்.

2009இல் தெற்கு லண்டனில் ஒரு ஆஸ்பத்திரியில், இரத்தத்தின் தெளிந்த நீரான சீரத்தைச் சோதிக்கிற பகுதியில் பயிலுநராகச் சேர்ந்தேன். எனக்குக் கிடைத்த மேசையை, உடலுறவால் தொற்றும் மேகநோயின் பெயரால், மற்றவர்கள் சிபிலிஸ் மேசை என்பார்கள். அந்த வருசம், வன்னியில் சண்டை உச்சத்தில் இருந்ததால், எங்கள் வீடுகளில் ரீவி நின்றதே இல்லை. போன் அடித்தால் எல்லோருக்கும் நெஞ்சு திடுக்கிடும், அடிக்காவிட்டால் அதைவிட மோசம். ஓரிடத்தில் இருக்க ஏலாமல் சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்த காலம். வேலைக்குப் போனால் அங்கேயாவது கால் தரிக்கும் என்று நினைத்தேன்.

மாட்டு நெஞ்சு

எனக்குப் பக்கத்து ஸ்டூலில் இருந்தவர் டெல்றோய். ஜமெய்க்காவில் பிறந்தவர், அந்தப் பகுதியில் சீனியர், சிரித்தால் குழாய்த் தட்டு அதிரும். அவர் பேசுவது இங்கிலிஸ்தான். ஆனால் எனக்கு அவர் சொன்னதெல்லாம் எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் ஞாபகம் இருக்கிறது, ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

சிபிலிஸுக்கு மெஷின் முதலில் பார்க்கும். மெஷின் சந்தேகப்பட்ட குழாய்கள் எங்கள் கைக்கு வரும். வெள்ளை அட்டையில் வட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு வட்டத்திலும் ஒருவருடைய சீரம் ஒரு துளி, அதன் மேல் கரித்தூள் கலந்த மருந்து ஒரு துளி. அட்டையை ஆட்டும் மெஷினில் வைத்தால், கரி சாம்பல் நிறமாகவே பரந்து கிடந்தால் இல்லை, கறுப்புக் குறுணிகளாகத் திரண்டால் ஓம். அந்த மருந்துக்குள் இருப்பது மாட்டு இருதயத்திலிருந்து எடுத்த கொழுப்பு என்று டெல்றோய் சொன்னதை, நான் பெரிய அதிசயம் போல அன்றைக்கு வீட்டில் போய்ச் சொல்லிவிட்டேன். அம்மா வெள்ளிக்கிழமை விரதம். கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது.

"கையுறை போட்டுத்தான் தொடுறனான் அம்மா. துளியிலும் துளி."

"துளியோ தொட்டியோ, மாடு மாடுதான். முழுகிப்போட்டு வந்து விஞ்ஞானம் கதை."

பிழையான கதவு

அட்டை ஆடிக்கொண்டிருக்கும்போது எங்களுக்கு வேலை இல்லை. எனக்கோ சும்மா நிற்க வராது, காலை ஆட்டுவேன், பேனையைக் கழற்றிப் பூட்டுவேன். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் டெல்றோய் பழைய கதைகளை எடுப்பார். நானோ கதை கேட்டே வளர்ந்தவன், கதை என்றால் கால் தானாக நிற்கும்.

நூறு வருசத்துக்கு முந்தி இதே சோதனையை ஜெர்மன்காரர் செய்ய ஒரு தொழுவமே தேவைப்பட்டதாம். செம்மறியின் இரத்தம், முயலின் சீரம், கினிப்பன்றியின் சீரம், அதோடு இந்த நோயால் செத்துப் பிறந்த பிள்ளையின் ஈரலைக் கரைத்த தண்ணீர். எல்லாவற்றையும் நோயாளியின் சீரத்தோடு கலந்து வைப்பார்கள். செம்மறி இரத்தம் உடைந்து தண்ணீர் தெளிந்த சிவப்பானால் ஆள் தப்பினான். உடையாமல் அடியில் போய்க் குந்தினால் மாட்டினான். ஈரலுக்குள் கிருமி இருக்கிறது, நோயாளியின் இரத்தம் அதை அடையாளம் காண்கிறது என்று அவர்கள் நம்பினார்கள். பிறகு யாரோ நோயே இல்லாத மாட்டின் இருதயத்தைப் போட்டுப் பார்த்தால், அதுவும் அதே பதிலைச் சொன்னது. இரத்தம் பிடித்தது கிருமியை இல்லை, சாதாரணக் கொழுப்பை. ஏன் பிடிக்கிறது என்று ஒருவருக்கும் விளங்கவில்லை, ஆனால் சோதனை வேலை செய்தது. அதன் பேரன்தான் எங்கள் வெள்ளை அட்டை.

"அப்ப இவ்வளவு பேரும் பிழையாத்தான் தேடினவையோ?" என்று கேட்டேன்.

"பிழையான கதவைத்தான் தட்டினவங்கள். ஆனா தேடின ஆள்தான் வந்து திறந்தவன். நீ முதல்ல அந்தப் பேனையைக் கீழ வை."

அன்னதான வரிசையில்

வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் நின்றவர் அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர். சுவிஸிலிருந்து வந்து இங்கே கடை போட்டவர். தட்டால் என் முதுகில் மெதுவாகத் தட்டினார்.

"தம்பி இரத்தம் பாக்கிற இடத்தில எல்லோ வேலை? மகளுக்கு ஒரு பெடியனைப் பேசியிருக்கு. பொருத்தமெல்லாம் பாத்தாச்சு. பெடியன் உங்கட பக்கம்தான், உங்கட ஆஸ்பத்திரிக்குத்தான் போறவன். ஒருக்கா கொம்பியூட்டரில எட்டிப் பாத்து, அந்த மாதிரி ஒண்டும் இல்லை எண்டு மட்டும் சொல்லிவிடு."

ஏலாது, வேலை போய்விடும், அதோடு அது சரியும் இல்லை என்று என்னால் ஏலுமான மட்டும் பணிவாகச் சொன்னேன். என் குரல் இயல்பிலேயே எழும்பாது. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பெடியனின் பிறந்த திகதியைச் சொல்லத் தொடங்கினார். நான் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தேன். சாம்பார் வாளி எங்களிடம் வந்தபோதுதான் அவருக்கு விளங்கியது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஊருக்குச் சொல்லாத விசயத்தைப் படிக்கவோ கொப்பர் உன்னை யூனிவேசிற்றிக்கு அனுப்பினவர்?"

தெரிந்த பெயர்

நோர்பரியில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி சின்னத்துரை மாமாவும் பரமேஸ்வரி மாமியும் மகள் வசந்தியக்காவோடு இருந்தார்கள். மாமா வன்னியில் போஸ்ற்மாஸ்ரராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வருசம் அவருக்கு ஞாபகம் வழுக்கத் தொடங்கியது. கடைக்குப் போனால் எதற்கு வந்தேன் என்று வாசலில் நிற்பார். டொக்டர் ஞாபக மறதிக்கான சோதனை எல்லாவற்றுக்கும் எழுதினார். பழைய சிபிலிஸ் மூளையில் ஏறினாலும் மறதி வரும் என்பதால் அதுவும் அந்தப் பட்டியலில் இருந்தது. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. எனக்கு முதலில் தெரிந்தது, ஒரு செவ்வாய்க்கிழமை என் தட்டில் வந்து நின்ற குழாயில் அவருடைய முழுப் பெயரும் எங்கள் தெருவும்தான்.

தெரிந்த ஆளின் சாம்பிள் வந்தால் சொல்லிவிட்டு விலக வேண்டும், அது சட்டம். நான் சொன்னேன்தான். ஆனால் லேபிளை வாசிப்பதற்கு முன்னாலேயே அன்றைய வரிசை முழுவதையும் ஊற்றி முடித்திருந்தேன். இன்னொரு சோதனை உண்டு, சின்னக் குழிகளில் பார்ப்பது. சிவப்புத் துகள்கள் பொட்டுப் போல அடியில் ஒடுங்கினால் இல்லை, பாய் விரித்தது போலப் பரந்தால் ஓம். மாமாவின் குழியில் பாய் விரிந்து கிடந்தது. மற்ற அட்டையில் கரி அவ்வளவாகத் திரளவில்லை. பழைய காரியம், ஆனால் உண்மையான காரியம்.

டெல்றோய் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். என்னுடைய முகத்தைப் பார்த்தார். "எங்க பிறந்த ஆள்?"

"வன்னி. காட்டுப் பக்கம். வெக்கையான ஊர்."

"என்ர அம்மாவின்ர இரத்தமும் சாகும்வரைக்கும் இப்பிடித்தான் பாய் விரிச்சது. தேவாலயத்தைத் தவிர வேற இடம் தெரியாத மனுசி. சின்னனில காலில புண் வந்தது, அவ்வளவுதான்."

எனக்கும் அந்தப் புண்ணைத் தெரியும், அப்பப்பாவின் கதைகளில் வரும். வன்னியில் அதைப் பறங்கி என்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வருவது. காலோடு கால் உரசி விளையாடினாலே தொற்றும், கட்டிலோடு சம்பந்தமில்லாதது. பறங்கிக் கிருமியும் சிபிலிஸ் கிருமியும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி. இரத்தம் அந்த இரண்டு கிருமிக்கும் எதிராக ஒரே சத்துருவைத்தான் வளர்த்து வைத்திருக்கும், ஆயுளுக்கும். எங்கள் லாப்பில் மட்டுமில்லை, உலகத்தில் எந்த லாப்பிலும் இரத்தத்தை வைத்து இரண்டையும் பிரிக்க வழி இருக்கவில்லை. பறங்கியாகவும் இருக்கலாம் என்று ரிப்போட்டின் கீழே டெல்றோய் ஒரு வரி போட்டார். அது டொக்டருக்குப் போகும். எனக்கு அன்றைக்கே ஓடிப்போய் மாமியின் கதவைத் தட்டிச் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. எழும்பிய என்னை டெல்றோய் பார்வையாலேயே இருத்தினார்.

"நீ ஒண்டையும் பாக்கேல்லை. பாத்தாலும் நீ பாக்கேல்லை. கையைக் கழுவு."

கேள்வி யாருக்கு

பிறகு நடந்ததை வசந்தியக்கா எல்லாம் முடிந்தபின் எனக்குச் சொன்னா. கிளினிக்கில் டொக்டருக்கு முன்னால் மூன்று கதிரை. நடுவில் மாமா, ஒரு பக்கம் மாமி, மறுபக்கம் மொழிபெயர்க்க அக்கா. மனைவியைத் தவிர வேறு பெண்களோடு உறவு இருந்ததா என்று டொக்டர் கேட்டார். எந்த மகள் அதை அப்பாவிடம் தமிழில் கேட்பாள்? அக்கா மாமாவின் பக்கம் திரும்பாமலே "நோ" என்றா. முப்பது வருசம் இங்கிலிஸ் கடிதம் பிரித்த மனுசன் மாமா. தொண்டையைச் செருமினார். "பிள்ளை, கேள்வி என்னட்ட எல்லோ வந்தது" என்றுவிட்டு, டொக்டரைப் பார்த்து இங்கிலிஸில் தானே "ஒருநாளும் இல்லை" என்றார்.

இங்கிலிஸ் விளங்காத மாமிக்கு மகளின் முகம் சிவந்தது விளங்கியது. என்ன கேட்டது, என்ன கேட்டது என்று அக்காவின் சீலையைப் பிடித்து இழுத்து, கடைசியில் விசயத்தை எடுத்துவிட்டா. அதற்குள் டொக்டர் மாமாவின் காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டச் சொன்னார். முன்காலில் வட்டவட்டமாகப் பழைய தழும்புகள். சின்னனில் ஏதும் புண் வந்ததோ, உங்கள் ஊரில் ஒரு நோய் இருந்ததே என்று டொக்டரே வழி காட்டினார். மாமா டொக்டரைப் பார்த்தார். பிறகு மாமியைப் பார்த்தார். "சைக்கிளால விழுந்தனான்" என்றார்.

அப்படியென்றால் எதற்கும் பாதுகாப்புக்கு வாரம் ஒன்றாக மூன்று பென்சிலின் ஊசி போடுவோம், மனைவியும் ஒரு சோதனை செய்வது நல்லது என்று டொக்டர் முடித்தார். திரும்பி வரும் பஸ்ஸில் மாமி யன்னலைப் பார்த்தபடி வந்தா. இறங்கும்போது அக்காவிடம் கேட்டா.

"ஒண்டும் செய்யாத மனுசனுக்கு ஏனடி மூண்டு ஊசி?"

சீனி கூட

அதற்குப் பிறகு மாமி தன் கட்டிலை அக்காவின் அறைக்குள் இழுத்துக்கொண்டா. நாற்பது வருசத்துக்கு மேல் மாமாவின் கோப்பையில் சோறு போட்ட கை நின்றது, அக்காதான் போட்டா. கோயிலுக்குத் தனியாக வந்தா. யாரும் கேட்டால் "அவருக்குக் கால் உளைவு" என்றா. அம்மா என்னை வளைத்து வளைத்துக் கேட்டா, உனக்கு ஏதும் தெரியுமோ என்று. தெரியாது என்றேன். சாப்பாட்டு மேசையில் இருக்க ஏலாமல் எழும்பி, குப்பை வாளியை வெளியில் வைக்கப் போனேன். அன்றைக்குக் குப்பை எடுக்கிற நாளும் இல்லை. பறங்கியாகவும் இருக்கலாம் என்ற ஒரு வசனம் என் வாய்க்குள் நின்றது. அதைச் சொன்னால் அந்த வீடு பழையபடி ஆகும், ஆனால் சொன்னால் அவர் குழாயை நான் பார்த்ததும் வெளியே வரும்.

மாமி இரத்தம் குடுக்கப் போன அன்று காலை நான் பஸ் நிற்கும் இடத்தில் அவவைக் கண்டேன். காஞ்சிபுரம் சீலை, பவுண் சங்கிலி, கோட்டில் சாட்சி சொல்லப் போகிறவர் மாதிரி. "போய் என்ர இரத்தத்தைக் குடுத்திட்டு வாறன் தம்பி. ஆர் சுத்தம் எண்டு ஊருக்குத் தெரியட்டும்" என்றா. மூன்றாம் நாள் அவவின் பெயரைத் தட்டில் கண்டதும் நான் முழுத் தட்டையும் டெல்றோயிடம் தள்ளிவிட்டு, வெளியே கொரிடோரில் நடந்தேன். துடைக்கிற பெண் இரண்டு தரம் என்னைச் சுற்றித் துடைத்தா. டெல்றோய் வெளியே வந்தார். என் தோளில் கை வைத்தார்.

"தேத்தண்ணி போடு. எனக்கு இண்டைக்குச் சீனி கூட."

மொழிபெயர்க்கத் தேவையில்லை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வசந்தியக்கா எங்கள் கதவைத் தட்டினா. "அம்மா உன்னைக் கூப்பிடுறா. ஒண்டும் கேக்காத, வா." போகும் வழியிலேயே காதுக்குள் சொன்னா, "அம்மாவுக்கும் அதேதானாம் ரிசல்ட். நேற்றிலிருந்து அப்பாவைப் பிடிக்கேலாது."

மாமா ஹோலில் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். மறதிக்காரர் என்று சொல்ல ஏலாத தெளிவு. மாமி குசினி வாசலில் நின்றா.

"ஒரு மாசமா எனக்கு விசாரணை," என்றார் மாமா. "இப்ப நீ சொல்லன் பரமேசு. நீ எங்க போனனீ?"

"அப்பா!"

"நீ சும்மா இரு பிள்ளை. இதுக்கு மொழிபெயர்க்கத் தேவையில்லை."

மாமி அவரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தா. "தம்பி, ஆற்றையும் ரிசல்ட்டை நான் உன்னட்டக் கேக்கேல்லை. பொதுவாக் கேக்கிறன். உந்தச் சோதினை சின்னனில வந்த பறங்கியையும் பிடிக்குமோ?"

பொதுவாகக் கேட்ட கேள்வி! அதற்குப் பதில் சொல்ல எந்தச் சட்டமும் தடையில்லை. "பிடிக்கும் மாமி! ஓம்! ஆயுளுக்கும் பிடிக்கும்!" என்றேன். வாசல்வரை கேட்டிருக்கும், என் குரல் அவ்வளவு எழும்பியதை நானே அன்றைக்குத்தான் கேட்டேன்.

"அப்ப உது எது, இது எது எண்டு பிரிச்சுக் காட்டாதோ?"

"காட்டாது மாமி. எந்தச் சோதினையும் காட்டாது."

"என்ர அண்ணையைக் கேட்டால் தெரியும். அவர் எந்த முகாமிலயோ, இருக்கிறாரோ இல்லையோ எண்டே தெரியாது." கொஞ்ச நேரம் ரீவியைப் பார்த்தா. சத்தம் குறைத்து அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிறகு குனிந்து சீலைக் கரையைக் கொஞ்சம் உயர்த்தினா. கணுக்காலுக்கு மேலே வட்டமாக, கடதாசி போல மினுங்குகிற தோல்.

"கொதிக்கிற கஞ்சி ஊத்துப்பட்டது எண்டு கலியாணம் பேசேக்க சொன்னது பொய். அம்மாதான் சொல்லித் தந்தவ. பறங்கி வந்த பெட்டை எண்டால் ஆர் எடுப்பினம்? ஊத்தைச் சனம், பஞ்சப்பட்ட சனம் எண்டு வந்தவை எழும்பிப் போயிருப்பினம்."

மாமா அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் குனிந்து தன் காற்சட்டையைச் சுருட்டினார். அதே வட்டம், அதே மினுக்கம்.

"மாப்பிள்ளைக்குப் பறங்கி எண்டால் உன்ர கொப்பர் தந்திருப்பாரோ? சைக்கிளெண்டு சொல்லடா எண்டு என்ர அண்ணைதான் சொன்னவர்."

"அப்ப டொக்டர் அவ்வளவு கேக்கேக்க ஏன் சொல்லேல்லை?" என்று மாமி கேட்டா.

"நீ பக்கத்தில எல்லோ இருந்தனீ."

எனக்குத் தெரியும், அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும், இப்போதும் எந்தச் சான்றும் இல்லை என்று. இரண்டு தழும்பு, இரண்டு குழாய், அவ்வளவுதான். மாமி உள்ளே போனா. சட்டி மூடி திறக்கிற சத்தம் கேட்டது. சோற்றுக் கோப்பையோடு வந்து மாமாவின் மடியில் வைத்தா.

"நான் சொன்ன அதே பொய்யைத்தான் நீங்களும் சொல்லியிருக்கிறியள். அப்ப மிச்சத்தை நம்பலாம்." பிறகு மகளின் பக்கம் திரும்பினா. "உந்தக் காலைப் பாத்துப் பயந்துதான் இவளை நான் ஒருநாளும் சைக்கிளில ஏற விடேல்லை."

வசந்தியக்கா தாயையும் தகப்பனையும் மாறி மாறிப் பார்த்தா. தினமும் காலையில் குரொய்டனுக்கு பஸ்ஸில் நெரிபட்டு வேலைக்குப் போகிறவ அவ.

"அப்ப நாப்பது வயசிலயும் நான் மழைக்குள்ள பஸ்ஸுக்கு நிக்கிறது, அப்பா விழாத சைக்கிளாலயோ?"

நூறு வருசமாகச் செம்மறியையும் முயலையும் மாட்டையும் வதைத்துத் திருத்தித் திருத்தி எடுத்த சோதனை, நோர்பரியில் ஒரு சைக்கிள் விபத்தையும் ஒரு சட்டிக் கஞ்சியையும் மட்டும்தான் சந்தேகத்துக்கு இடமில்லாமல் பொய்யென்று நிரூபித்தது என்றால், எங்கள் மேசை பார்த்ததில் அதுவே மிகத் தெளிவான ரிசல்ட்.